முள் சொல்லாதது

மீட்டர்காரர் செத்துப் பல வருஷமாகிறது. செத்தவரைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டத்தான் போகிறேன். உயிரோடு இருந்தபோது முகத்துக்கு நேரே திட்டியவன் என்பதால் எனக்கு அந்தப் பாத்தியதை உண்டு.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிற ரோட்டில் தகரக் கொட்டகை போட்டு கார் ஏசி வேலை பார்த்தவர் அவர். கழுத்தில் எப்போதும் ஒரு மீட்டர் தொங்கும். கரண்ட் வருகிறதா இல்லையா என்று முள்ளை ஆட்டிக் காட்டுகிற பழைய மீட்டர். அதனால் டிரைவர்களாகிய எங்களுக்கு அவர் மீட்டர்காரர், நேரில் அண்ணாச்சி. அதற்கு முன்பு ரேடியோவும் டிவியும் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். தொண்ணூறுகளில் மில் முதலாளிகள் வீட்டுக்கு ஏசி வைத்த கார்கள் வர ஆரம்பித்தன. அந்தக் கார்களின் கம்ப்ரசர் சும்மா பெல்ட்டில் சுற்றுகிற சாமான் இல்லை. டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு கன்ட்ரோல் டப்பா உட்கார்ந்துகொண்டு அதை ஓட்டும், நிறுத்தும். இன்ஜின் மெக்கானிக்குகள் அந்த டப்பாவைக் கண்டால் பயந்தார்கள். இவர் ரேடியோப் பெட்டிக்குள்ளேயே குடித்தனம் நடத்தியவர், பயப்படவில்லை.

மற்ற பட்டறைகளில் அன்றைக்கு ஏசிக்கு இரண்டே வைத்தியம். காற்று குளிரவில்லையா, கேஸ் அடி. அடித்தும் குளிரவில்லையா, கம்ப்ரசரை மாற்று. இவரிடம் போய் "அண்ணாச்சி, கேஸ் இல்ல போலருக்கு" என்று சொல்லிவிட்டால் போச்சு. "நீ எப்படிக் கண்ட?" என்பார். பிறகு பேச்சே கிடையாது. இன்ஜினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காருக்குள் உட்கார்ந்துகொள்வார். கம்ப்ரசரின் கிளட்ச் ஒட்டும்போது டக்கென்று ஒரு சத்தம் வரும், விடும்போது இன்னொரு டக். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அதை எண்ணுவார். அதற்கப்புறம் நீலக் குழாயும் சிவப்புக் குழாயும் மாட்டின அழுத்த மீட்டர். அதற்கப்புறம் கழுத்து மீட்டர். ஒரு மணி நேரம் ஆகும், சமயத்தில் இரண்டு. நடுவில் என்ன கோளாறு என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"நான் என்ன சொல்ல. முள்ளு சொல்லட்டும்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு திருப்தி தெரியும் பாருங்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வத்திராயிருப்பிலிருந்து ஒரு டாக்டர் காரோடு வந்தார். கிளம்பினால் அரை மணி நேரம் ஜில்லென்று இருக்கும், பிறகு காற்றே வராது. நிறுத்தி வைத்துவிட்டு எடுத்தால் மறுபடி ஜில். மதுரையில் ஒரு பட்டறையில் கம்ப்ரசர் போய்விட்டது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். சித்திரை வெயிலில் இவர் அந்தக் காருக்குள் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு டேஷ்போர்டைக் கழற்றி, கூலிங் காயிலில் செருகியிருக்க வேண்டிய ஒரு சென்சார் கழன்று தொங்குவதைக் காட்டினார். மிளகு அளவுதான் இருந்தது. குளிர் எவ்வளவு என்று டப்பாவுக்குச் சொல்வது அதன் வேலை. அது கழன்றதால் காயிலில் ஐஸ் கட்டிக் காற்று அடைத்த பிறகும் டப்பாவுக்குத் தெரியவில்லை, கம்ப்ரசரை நிறுத்தவில்லை. அதை இடத்தில் செருகினார், வேலை முடிந்தது.

"அப்ப கம்ப்ரசர்ல ஒண்ணும் இல்லையா?" என்றார் டாக்டர்.

"கம்ப்ரசர் வேலைக்காரன்யா. டப்பாதான் மொதலாளி. ஓடுன்னா ஓடுவான், நில்லுன்னா நிப்பான். எல்லாரும் வேலைக்காரனையே போட்டு அடிக்காக."

நல்ல பேச்சுதான். ஒரு இரும்புக்காக இவ்வளவு நியாயம் பேசியவர் எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை.

தன்னைப் பற்றிச் சொல்வதென்றால் மட்டும் அவருக்கு வாய் தாராளம். ஒருமுறை ஒரு ஜவுளிக்கடைக்காரர் காரில் மீட்டர் கம்பி வழுக்கி இரண்டு முனைகள் சேர்ந்துவிட, டப்பா எரிந்துவிட்டது. பார்த்தவர் யாரும் இல்லை. வரும்போதே டப்பா போயிருந்தது என்று சொன்னால் முடிந்தது, எந்தப் பட்டறையிலும் அப்படித்தான் சொல்வார்கள். இவரோ ஜவுளிக்கடைக்காரர் கொட்டகைக்குள் கால் வைப்பதற்கு முன்பே, "டப்பாவ நான்தான் எரிச்சேன். காலைல வரைக்கும் நல்லா இருந்துச்சு" என்றார். அந்த மனுஷன் குழம்பிப்போய்ப் பிறகு கோபப்பட்டு, அதற்கப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. பிழைக்கத் தெரியாத ஆள் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

கொட்டகைக்கு வெளியிலும் இதே கதைதான். மழை வருமா என்று கேட்டால் ரோட்டுக்கு வந்து மேற்கே மலையைப் பார்ப்பார். "மேகம் இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். வருமா வராதா, அது நம் பாடு. எங்களில் ஒரு டிரைவர் தன் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தான். பையன் மீட்டர்காரருக்குப் பக்கத்து வீடு. பையன் எப்படி என்று கேட்டிருக்கிறான். "காலைல எட்டு மணிக்கு சைக்கிள்ல போறான். சாயங்காலம் ஆறு மணிக்கு வாரான். அம்புட்டுதான் நான் பார்த்தது" என்றாராம். நல்ல பையன் என்று சொல்ல என்ன கேடு? அண்ணாச்சி எதையோ மறைக்கிறார் என்று பெண் வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள். பையனின் அம்மா இவர் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். "நான் அவன ஒரு கொறையும் சொல்லலியே" என்று இவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். என் முறை வருகிற வரைக்கும் நானும் சிரித்தேன்.

நான் அப்போது ராஜபாளையத்தில் ஒரு மில் முதலாளிக்கு டிரைவர். கல்யாணமாகி ஒரு பிள்ளை. முதலாளி வாங்கின புது ஏசி கார் என் கையில்தான். ஏசி கார் ஓட்டுகிறவன் மேல் எல்லா முதலாளிக்கும் ஒரே சந்தேகம். நாம் உள்ளே விருந்து சாப்பிடும்போது இவன் வெளியே வண்டியை ஓடவிட்டு ஏசி போட்டுக்கொண்டு தூங்குகிறான் என்று. தூங்குகிறவர்கள் இருந்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. நான் தூங்கியதில்லை. இன்ஜினை நிறுத்தி, கதவைப் பூட்டி, புளியமரத்து நிழலில் துண்டை விரித்துப் படுப்பேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து முதலாளியும் அவர் வீட்டம்மாவும் மச்சினரும் வண்டியில் ஏறினார்கள். ஊரைத் தாண்டுவதற்குள் பானெட்டுக்குள் கிரீச்சென்று ஒரு சத்தம், ரப்பர் கருகுகிற நாற்றம், புகை. கம்ப்ரசர் இறுகி பெல்ட் எரிந்துவிட்டது.

"மூணு மணி நேரமா ஏசியப் போட்டுத் தூங்குனியாலே?" என்றார் முதலாளி.

நான் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. மீட்டர்காரர் கொட்டகை பக்கத்தில்தான் இருந்தது, தள்ளிக்கொண்டே போனோம். எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. அண்ணாச்சி பார்த்தால் உண்மை வெளியே வந்துவிடும்.

பாதி வந்தது. டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டவர், டப்பாவிலிருந்து கம்ப்ரசருக்குப் போகிற வயரை யாரோ வெட்டியிருப்பதைக் கண்டுபிடித்தார். வெட்டிவிட்டு, சுவிட்சிலிருந்து நேராக ஒரு வயரைக் கொண்டுபோய் முறுக்கியிருந்தது. பட்டறையில் இதற்கு டைரக்ட் கொடுப்பது என்று பெயர். டைரக்ட் கொடுத்துவிட்டால் டப்பாவுக்குப் பேச்சே கிடையாது. கம்ப்ரசர் நிற்காமல் ஓடும், காயிலில் ஐஸ் கட்டாத வரைக்கும் கார் ஐஸ்பெட்டி மாதிரி குளிரும். கேஸ் குறைந்தாலும் நிறுத்த ஆளில்லை, கம்ப்ரசர் சுற்ற முடியாமல் திணறினாலும் கிளட்சை விடுவிக்க ஆளில்லை. ஒருநாள் அப்படியே இறுகிவிடும்.

அதற்கு முந்தின வாரம் அந்தக் காரை மூன்று நாள் மதுரைக்கு எடுத்துக்கொண்டு போனவர் முதலாளியின் மச்சினர். திரும்பி வந்ததும் "இப்ப எப்படி இருக்கு கூலிங்?" என்று என்னிடம் பெருமையாகக் கேட்டவரும் அவரே. நான் அதைச் சொன்னேன். முதலாளி முகம் கறுத்துவிட்டது. அவர் வீட்டில் தெலுங்குதான் பேசுவார்கள். மச்சினரிடம் திரும்பித் தெலுங்கில் ஏதோ கேட்டார். மச்சினர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே "தெலியது" என்றார். தெரியாது என்கிறார் என்பது ராஜபாளையத்தில் பிறந்த எனக்குப் புரியாதா?

முதலாளி மீட்டர்காரரைப் பார்த்தார். "நீரு சொல்லும்யா. இது டிரைவர் பார்த்த வேலையா, இல்லையா?"

"வயர வெட்டியிருக்கு. டைரக்ட் குடுத்திருக்கு. கம்ப்ரசர் அதனாலதான் போச்சு. யாரு குடுத்தாகன்னு முள்ளு சொல்லாது, மொதலாளி."

"அண்ணாச்சி," என்றேன், "எனக்கு வயர் வேலை தெரியுமா? ஹாரன் அடிக்கலேன்னாக்கூட உங்ககிட்டதான ஓடி வாரேன். நான் பண்ணலேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"நீ பண்ணி நான் பார்க்கல. பண்ணாம இருந்ததையும் நான் பார்க்கலியே."

சொல்லிவிட்டு மீட்டரைக் கழற்றித் துணியால் துடைத்தார். அவர் மச்சினரையே பார்த்துக்கொண்டு நின்றார். மச்சினர் ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்த்தார். பணக்காரர் முன்னால் இவருக்கும் வாய் அடைத்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

"நாளைலேர்ந்து வராத" என்றார் முதலாளி.

ராஜபாளையத்தில் ஒரு மில்லில் நடந்தது மறுநாள் எல்லா மில்லுக்கும் தெரியும். டிரைவருக்கு அவன் பேர்தான் சொத்து. ஏசியைப் போட்டுத் தூங்கி முதலாளி காரைக் கெடுத்தவன் என்ற பேரோடு ஏழு மாசம் ஒவ்வொரு கேட்டாகப் போய் நின்றேன். வாட்ச்மேன்கள்கூட, "உள்ள போய்த் தூங்கப் போறியா?" என்று கேட்டார்கள். என் பெண்டாட்டி தீப்பெட்டி ஒட்டப் போனாள். கடைசியில் ஒரு லாரியில் பஞ்சுப்பொதி ஏற்றி ஓட்டுகிற வேலைதான் கிடைத்தது.

அந்த ஏழு மாசத்தில் ஒருநாள் கொட்டகைக்குப் போய்க் கத்தினேன். அவர் ஏதோ வயருக்கு ஈயம் பற்ற வைத்துக்கொண்டிருந்தார்.

"நான் பொய் சொன்னேனா?" என்றார்.

"நெசத்தச் சொல்லல."

"தெரியாத நெசத்த எப்படிச் சொல்லுவேன்?"

"ஊருக்கே தெரியும் அண்ணாச்சி, உங்களுக்கு மட்டும் முள்ளு வந்து சொல்லணும். வீட்டுல மதினி சோறு வெந்துட்டுன்னு சொன்னா, பானைல மீட்டர வச்சுப் பார்த்துட்டுத்தான் உக்காருவியளோ?"

அவர் ஒரு டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார். டீயும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று வந்துவிட்டேன். ஒரு வார்த்தை. 'இவன் அப்படிப்பட்டவன் இல்லை' என்று ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் அவர் தலையில் இருந்த கிரீடமா இறங்கியிருக்கும்?

நாலு வருஷம் கழித்து நான் சொந்தமாக ஒரு ஏசி கார் வைத்தேன். செட்டியார்பட்டியில் மளிகைக்கடை வைத்திருந்த என் பெரியம்மா மகனுக்கு, எனக்கு அண்ணன் முறை, அதில் பாதிப் பங்கு. ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டாண்டில் வாடகைக்கு நின்றது. நான் லாரியை விடவில்லை, அதனால் காருக்கு மம்சாபுரத்திலிருந்து ஒரு டிரைவரை வைத்தேன். இரண்டு பெண்பிள்ளைகளுக்குத் தகப்பன். என்னை அண்ணே என்பான். காரைத் தினமும் அவனே கழுவித் துடைப்பான், சீட்டில் ஒரு பொட்டுத் தூசி இருக்க விடமாட்டான்.

ஏசி வேலைக்கு மீட்டர்காரரை விட்டால் மதுரைக்குத்தான் போக வேண்டும். வெட்கத்தை விட்டு அவரிடமே போனேன். அவர் பழையதைப் பேசவில்லை, எப்போதும்போல "நீ எப்படிக் கண்ட?" என்றுதான் ஆரம்பித்தார்.

ஆடிப்பூரத் தேருக்கு மெட்ராஸிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. தேர் பார்த்துவிட்டுத் திருச்செந்தூர், குற்றாலம் என்று நாலு நாளைக்கு ஏசி கார் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்கள். அவர்கள் வருவதற்கு முந்தின நாள் ஏசி நின்றுவிட்டது. மீட்டர்காரர் பார்த்தார். "டப்பாவுக்குள்ள கரண்ட் வருது. வெளிய போகல. டப்பா போச்சு." திறந்து பார்த்தார். உள்ளே கறுப்பாக அரக்கு மாதிரி ஊற்றி மூடியிருந்தது, கை வைக்க வழியில்லை. புதுசு மெட்ராஸிலிருந்து வரப் பத்து நாளாகும் என்றார்.

"நாலு நாளைக்கு டைரக்ட் குடுத்துருங்க, அண்ணாச்சி" என்றேன். இதை எந்த வாய் கேட்கிறது என்று எனக்கே தெரிந்தது.

"மாட்டேன். கேஸ் வேற லேசாக் கசியுது. டப்பா இல்லாம ஓட்டுனா கம்ப்ரசர் செத்துரும். ஏசி இல்லன்னு பார்ட்டிகிட்ட சொல்லிரு."

அன்று சாயங்காலம் வீட்டு வாசலில் வைத்து நானே கொடுத்தேன். எந்த வயரை வெட்டுவது, எதில் முறுக்குவது என்பதையெல்லாம் முதலாளி காரில்தான் கண்ணாலேயே பார்த்திருந்தேனே. டிரைவரிடம் ஏசி சரியாகிவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

மூன்றாம் நாள் குற்றாலம் போகிற வழியில் கம்ப்ரசர் இறுகியது. பெல்ட் அறுந்து பக்கத்து பெல்ட்டையும் இழுத்துப் போட்டது. இன்ஜின் கொதித்து நடுரோட்டில் நின்றுவிட்டது. மெட்ராஸ்காரர்கள் டிரைவரை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு பஸ் ஏறிப் போனார்கள். மறுநாள் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தோம். அண்ணன் கடையை அடைத்துவிட்டு வந்தார். மீட்டர்காரர் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டார். வெளியே எடுக்க அதிக நேரம் ஆகவில்லை.

"டைரக்ட் குடுத்திருக்கு."

அண்ணன் டிரைவரைத்தான் பார்த்தார். "நல்லாக் குளுந்தா பார்ட்டி கைல ஏதாச்சும் வைப்பான்னு செஞ்சியாலே?"

"அய்யா, சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாதுய்யா. அண்ணன்கிட்ட கேளுங்க. அண்ணே, நீங்க சொல்லுங்கண்ணே."

நான் பேசவில்லை. காரைக் கெடுத்தது நான்தான் என்று அண்ணனிடம் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போய்த் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது. மீட்டர்காரரே சொல்லிவிடுவார் என்றும் தோன்றியது. நான் டைரக்ட் கேட்டதை அவர் காதாரக் கேட்டிருக்கிறார், அதற்கு முள் வேண்டியதில்லை. "யாரு செஞ்சிருப்பா?" என்று அண்ணன் அவரையும் கேட்டார். "செஞ்சத நான் பார்க்கல" என்று சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்தார். அன்றைக்கு அந்த மச்சினரைப் பார்த்த அதே பார்வை. அவசரமே இல்லை அதில். நான் ரோட்டைப் பார்த்தேன்.

"சாவியக் குடுத்துட்டுப் போ" என்றார் அண்ணன். டிரைவர் அவரிடம் கொடுக்கவில்லை. என் பக்கம் வந்து என்னிடம் நீட்டினான். நான் வாங்கிக்கொண்டேன்.

அவர்கள் போனதும் மீட்டர்காரர் மேல் பாய்ந்தேன். நம்பமாட்டீர்கள், நிஜமாகவே எனக்கு அவர் மேல்தான் ஆத்திரம்.

"நான் கேட்டது உங்களுக்குத் தெரியும்லா? ஏன் சொல்லல?"

"நீ சொல்லுவன்னு இருந்தேன்."

"நான் சொல்லாட்டி?"

"சொல்லுவன்னுதான் இருந்தேன். அன்னைக்கும் அந்த மச்சினரு சொல்லுவாருன்னுதான் பார்த்துக்கிட்டே இருந்தேன். செஞ்சவனுக்குத் தெரியும்லா. அவன் வாயால சொல்லட்டும்னுதான்."

குழாய் ஜில்லென்று இருப்பதைத் தொட்டுப் பார்த்தும் நம்பாத மனுஷன். அழுத்தத்துக்கு ஒரு முள், கரண்டுக்கு ஒரு முள் வைத்துப் பார்த்தால்தான் வாயைத் திறப்பார். அப்படிப்பட்டவர் ஆட்களை மட்டும் எந்த முள்ளும் வைக்காமல் நம்பிக்கொண்டு நின்றிருக்கிறார். தான் எரித்த டப்பாவைத் தான் எரித்தேன் என்று சொல்கிறவர், ஊரும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார். இரண்டு தடவை ஏமாந்தார். ஏமாந்தது அவர், தெருவில் நின்றது டிரைவர்கள். இப்படி ஒரு நல்லவர் ஊருக்கு ஒருத்தர் இருந்தால் போதும், அயோக்கியனுக்குக் கவலையே இல்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். அந்த அயோக்கியன் யார் என்று அவர் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அண்ணனிடம் போய்ச் சொல்லிவிடுவார் என்று கொஞ்ச நாள் பயந்தேன். நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. புது டப்பா வந்தது, புது கம்ப்ரசர் வந்தது, எல்லாம் அவர் கையால்தான் மாட்டினார். அதற்குப் பிறகு என்னை எங்கே பார்த்தாலும், பஸ் ஸ்டாண்டில், டீக்கடையில், ஒரு சாவு வீட்டில்கூட, ஒரே கேள்விதான் கேட்டார். "மம்சாபுரம் போனியா?" திட்டவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. போய்விட்டு வந்திருப்பேன் என்று நம்பித்தான் கேட்டார். "போகணும் அண்ணாச்சி" என்பேன். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்க்கப் போனபோதும் கேட்டார்.

அந்த டிரைவருக்கு அப்புறம் யாரும் கார் கொடுக்கவில்லை. கொஞ்ச காலம் செங்கல் சூளையில் டிராக்டர் ஓட்டினான், பிறகு அதுவும் இல்லை. இன்றைக்கும் உயிரோடுதான் இருக்கிறான். மம்சாபுரத்துக்கு இங்கிருந்து டவுன் பஸ் இருக்கிறது, அரை மணி நேரம்கூட ஆகாது. நான் இன்னும் போகவில்லை.